கருமணல் ஒத்தடம்

குமரி மாவட்டத்தில் என்ன பெரிய குளிர் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். கடற்கரையில் காற்று வாங்கியபடி கேட்கிற கேள்வி அது. ஐப்பசி பிறந்து மழை பிடித்த பிறகு, கீரிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பில் பத்து நாள் இருந்து பார்த்தால் கேள்வி தானாக அடங்கிவிடும். துவைத்த துணி காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் கோர்த்து நிற்கும். தீக்குச்சியை உரசினால் மருந்து உதிருமே தவிர தீ வராது. நல்ல உடம்புக்காரர்களே சாயங்காலம் நாலு மணிக்குக் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார்கள். சர்க்கரை வியாதியில் பாதி உடம்பான மனிதருக்கு அந்தக் குளிர் எப்படி இருக்கும் என்பதை ஓமனாவிடம்தான் கேட்க வேண்டும்.

ஓமனாவுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தொன்பது வருஷமாகப் பால்வெட்டுத்தான் தொழில். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் முந்நூறு ரப்பர் மரத்தில் கத்தி வைத்துவிடுவாள். தோட்டத்தில் வேலை நிலைப்பதற்கு முன்னால் தனியாருடைய சின்னத் தோட்டம் ஒன்றில் ரப்பர் ஷீட் அடித்தவள். பாலை உறையவைக்கும் ஆசிட்டை வெறுங்கையால் கலக்கிய காலம் அது. அந்த ஆசிட்டும் இந்தக் கத்திப்பிடியும் சேர்ந்து அவளுடைய உள்ளங்கையைச் செருப்புத் தோலாக ஆக்கியிருந்தன. பலாச்சுளை எடுக்கக் கையில் எண்ணெய் தடவ வேண்டாம், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கத் துணி வேண்டாம். "எனக்க கை கையில்ல, கறண்டியாக்கும்" என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அவள் புருஷன் ராஜகுமார், தோட்டத்துப் பஸ் திரும்புகிற முக்கில் முப்பது வருஷம் சாயாக்கடை நடத்தியவர். காலையில் குளித்து, நெற்றியில் அய்யாவழி நாமம் இட்டு, கொதிக்கிற பாய்லருக்கு முன்னால் நின்றாரென்றால் இருட்டும்வரை நகரமாட்டார். மார்கழியிலும் மேலுக்குச் சட்டை கிடையாது. குளிரவில்லையா என்று யாராவது கேட்டால், "எனக்க உள்ள ஒரு பாய்லர் கெடக்குடே" என்பார். ஒவ்வொரு சாயாவையும் சீனி சரியா என்று ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துத்தான் கொடுப்பார். அந்த ருசி பார்ப்புத்தான் சர்க்கரையைக் கொண்டுவந்தது என்று ஊர் கேலி செய்தபோது அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு நிலைக்கவில்லை. முதலில் கண் மங்கியது, கடை மூடியது. பிறகு கால் மரத்தது. ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். இன்னொன்று வழியில் எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. முள் குத்தினால் தெரியாது, எறும்பு கடித்தால் தெரியாது. ஆனால் குளிர் மட்டும் தெரிந்தது. எலும்புக்குள் ஐஸ்கட்டி வைத்ததுபோல் இருக்கிறது என்றார். தொட்டால் தெரியாத காலுக்குக் குளிர் மட்டும் எப்படித் தெரிகிறது? இது என்ன நியாயம் என்று ஓமனாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. சர்க்கரை டாக்டர், அப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டு, "காலைத் தினமும் பாருங்க. சின்னப் புண்ணுன்னாலும் விடாதீங்க" என்றார்.

ஓமனா பார்த்தாள். தினமும் சாயங்காலம் டார்ச் அடித்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்த்தாள். வீட்டுக்குள் நடக்கத் தனிச் செருப்பு வாங்கினாள். எலி கடித்துவிடக்கூடாது என்று கட்டிலின் நாலு காலுக்கும் தகரம் சுற்றினாள்.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம், ஐப்பசி முதல் வாரத்தில் மகள் சபிதா வந்தாள். மார்த்தாண்டம் பக்கம் கட்டிக்கொடுத்த பெண், அவள் புருஷனுக்குக் கத்தாரில் வேலை. அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் மழைக்காலம் முடிந்து அனுப்புவதாகச் சொன்னாள்.

"மருமவன் வீட்டுல காலு நீட்டிக் கெடக்க நம்மளால ஆவாது மக்ளே" என்றார் ராஜகுமார். "நான் இஞ்சயே இருந்துக்கிடுதேன்."

"இந்தக் குளிர்லயா? ஒங்களுக்கு நிமோனியா வந்தா யாரு பாக்குதது?"

"அப்பாவுக்குக் குளிராம நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ஓமனா. "நீ போ. குளிரு வந்துச்சுன்னா அப்பொறம் கேளு."

சொன்ன வாய்க்கு வேலை வைக்க வேண்டுமே. சபிதா ஒரு ரூம் ஹீட்டர் வாங்கி அனுப்பினாள். அதைப் போட்ட அரை மணியில் வரிசை வீடுகள் அத்தனைக்கும் கரண்ட் போயிற்று. பக்கத்து வீட்டுக் கிளாரா, தலையில் பாதி ஷாம்பூவோடு வெளியே வந்து நின்றாள். அவளும் பால்வெட்டுக்காரிதான், ஓமனாவைவிடப் பத்து வயது இளையவள். ஹீட்டர் அன்றைக்கே திரும்பப் பெட்டிக்குள் போயிற்று.

அதன்பிறகு ஓமனா தன் வழியில் இறங்கினாள். மழையில் பட்டை நனையாமலிருக்க ரப்பர் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டுவார்களே, அதில் கிழிந்து கழித்துப்போட்டதைக் கேட்டு வாங்கி வந்து, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியை அடைத்தாள். கதவுக்கு அடியில் காற்று வராமலிருக்கப் பழைய சேலையைப் பை தைத்து, தேங்காய் நார்ச் சவுரி திணித்து, நீளமாக ஒரு தலையணை செய்து போட்டாள். வாசலைப் பார்த்துக் கிடந்த கட்டிலைத் திருப்பி, அடுக்களைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். அந்தப் பக்கம் அடுப்பு எரிந்தால் இந்தப் பக்கம் சுவர் இளஞ்சூடாகும். கட்டிலில் முதலில் சாக்கு, மேலே பழைய செய்தித்தாள், அதற்கும் மேலே மெத்தை. வெயில் தலைகாட்டினால் போதும், மெத்தையை முதுகில் சுமந்துகொண்டு வெளியே ஓடுவாள். செலவென்று பார்த்தால் ஊசியும் நூலும்தான். எவ்வளவு சாமர்த்தியம் என்று கிளாரா மூக்கில் விரல் வைத்தாள்.

இவ்வளவுக்கும் பிறகு, "மேலுக்குச் சுகமா இருக்கு. காலுதான் கேக்கமாட்டேங்குது" என்றார் ராஜகுமார்.

காலுக்கு ஒத்தடம் என்று முடிவாயிற்று. ஓடை மணலை வறுத்துத் துணியில் முடிந்து பாதத்துக்கடியில் வைத்தாள். அது கால்மணி நேரத்தில் ஆறிப்போயிற்று. அப்போதுதான் அவளுக்குப் பிறந்த ஊர் ஞாபகம் வந்தது. அவள் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. அங்கே கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கும் மணல். சபிதா பிறந்தபோது அவள் அம்மா அந்த மணலை வறுத்துத்தான் ஓமனாவின் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தாள். ஆற்று மணலைவிடக் கனம். சூடு ஏறினால் லேசில் இறங்காது. அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போனவள், திரும்பும்போது ஒரு துணிப்பை நிறையக் கருமணல் அள்ளி வந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே இரும்பா என்று கேட்டான்.

கருமணல் ஏமாற்றவில்லை. ஒரு தடவை வறுத்தால் ஒன்றரை மணி நேரம் நின்றது. வறுத்ததும் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். வெதுவெதுப்பாக இருந்தால் பையில் போட்டு, கம்பளிச் சாக்ஸ் மாட்டிய பாதத்துக்கடியில் வைத்து, போர்வையால் பொதிந்துவிடுவாள். வறுத்த மணலின் வாசனை வீடெல்லாம் இருக்கும். அந்தச் சில நாட்கள் அவர்களுக்கு நல்ல நாட்கள். இதை மறைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அவர் பழைய சாயாக்கடைக் கதைகளைச் சொல்லுவார், அவள் பொய் பொய் என்று மறுப்பாள். ரெண்டு பேரும் சிரிப்பார்கள்.

கார்த்திகை இரண்டாம் வாரம் கடலில் புயல்சின்னம் என்றார்கள். நாலு நாள் மழை விடவில்லை. பால்வெட்டு இல்லை. ஓமனா முழுநேரமும் அடுப்படியில் நின்றாள்.

"இன்னும் காணாதுட்டி. சூடே இல்ல."

"இஞ்ச பாருங்க, இப்பதான வறுத்தேன். கையில பிடிச்சா சூடாத்தான் இருக்கு."

"ஒனக்கு இருக்கும். காலுக்குத் தெரியல்லியே."

இன்னும் கொஞ்சம் வறுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு. வைத்தாள். அவர் காணாது என்றார். மறுபடி வறுத்தாள். அந்த நாலு நாளும் சாயங்காலம் காலைப் பார்க்கவில்லை. சாக்ஸைக் கழற்றினால் சேர்த்து வைத்த சூடு போய்விடும், மழை விடட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். ஊசி போகிற இடத்தைப் பார்ப்பவர்கள் உலக்கை போகிற இடத்தைப் பார்ப்பதில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

மூன்றாம் நாள் கிளாரா ஒரு கிண்ணத்தில் மரச்சீனிக்கிழங்கு கொண்டுவந்தாள். உள்ளே வந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"ஓமனாக்கா, என்னமோ நாறுதே?"

"வேலைச்சட்டையாக்கும். அடுப்புக்கு மேல காயப்போட்டிருக்கேன்."

கிளாரா மேலே கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பால்வெட்டுக்காரி வீட்டில் நாற்றம் வந்தால் அது ஒட்டுப்பால் நாற்றம்தான். மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டுகிற ரப்பர்ப்பால், நனைந்தால் செத்த எலியை விட மோசமாக நாறும். உடுப்பில், தலைமுடியில், படுக்கையில் எல்லாம் அதுதான். அந்த வரிசை வீடுகளில் இருபது வருஷம் வாழ்ந்த மூக்குக்கு வேறு நாற்றம் பிரித்தறியத் தெரியாது. வேறு எந்த ஊரிலாவது இருந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் மழை விட்டது. வெயில் வந்ததும் மெத்தையை எடுக்க வேண்டுமென்று அவரை எழுப்பி உட்காரவைத்து, சாக்ஸைக் கழற்றினாள். வலது பாதம் சிவந்து மட்டும் இருந்தது. இடது கால் சாக்ஸ் கழன்று வரவில்லை. உள்ளே ஒட்டியிருந்தது. இழுத்தபோது பாதத்தின் தோல் அதோடு சேர்ந்து வந்தது.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெயில் வந்துட்டு பாத்தியா" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஓமனா போட்ட சத்தத்தில் கிளாரா ஓடிவந்தாள்.

நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார்கள். முதலில் இரண்டு விரல் என்றார்கள். பிறகு பாதம் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே என்றார்கள். இளவயசு டாக்டர் ஒருவர், "சூடு வச்சீங்களாம்மா?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. இதுபோல் மாதம் நாலு பேர் வருகிறார்கள் என்றார். "கையில வச்சுப் பாத்துட்டுத்தான் சார் வச்சேன். வெதுவெதுன்னுதான் இருந்தது" என்று ஓமனா திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் அதை முழுமனதாக நம்பினாள். மணலில் வந்த கேடு, மழையில் வந்த கேடு, யாருடைய கண்ணோ பட்ட கேடு என்று என்னென்னவோ நினைத்தாள்.

ஆபரேஷன் நடந்த அன்று, வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தபோது சபிதா கெட்டிலில் வெந்நீர் வைத்துச் சாயா போட்டாள். கொதிக்கிற சாயாவை எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி, துப்பட்டாத் தலைப்பால் பிடித்து நீட்டினாள். ஓமனா அதை வெறுங்கையால் வாங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, கை சுடல்லியா?"

"இல்லியே. வெதுவெதுன்னுதான் இருக்கு."

சபிதா தம்ளரை ஒரு விரலால் தொட்டாள். வெடுக்கென்று எடுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஓமனா தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மஞ்சளாகக் காய்த்துப்போன தோல், கத்திப்பிடியின் தழும்பு. சபிதா தலையைத் திருப்பிக்கொண்டாள். மகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓமனாவுக்குக் கொஞ்சம் அழவாவது முடிந்திருக்கும்.

அவர் கண் விழித்துப் பேசத் தொடங்கிய மூன்றாம் நாள், அவளே சொல்லிவிட்டாள். மணலல்ல, என் கைதான் என்றாள். அவர், "தலைக்கு வந்தது காலோட போச்சுன்னு வையிட்டி" என்று சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. திட்டியிருக்கலாம். பாவி, உன் கையால என் காலைச் சுட்டுட்டியே என்று ஒரு தடவை கத்தியிருக்கலாம். முப்பத்தைந்து வருஷம் சாயாவில் சீனி கூடிப்போனதற்கெல்லாம் சண்டை போட்ட மனிதர், இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓமனா உருகினாள்.

வீட்டுக்கு வந்தபிறகு அவளுக்குச் சூடு என்றாலே பயம். கட்டிலை அடுக்களைச் சுவரிலிருந்து இழுத்துத் தள்ளிப் போட்டாள். குளிக்க வெந்நீர் விளாவினால் கிளாராவின் மகளைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். கருமணல் பையைக் கொட்டிவிடவும் மனமில்லை, கண்ணில் படவும் கூடாது. விறகுப்புரையில் ஓலைக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். அடுத்த மழைக்காலம் வந்தது. ஓட்டிடுக்கில் போன வருஷம் அடைத்த பிளாஸ்டிக் காற்றில் கிழிந்து படபடத்தது. அவள் அதை மாற்றவில்லை. கதவுத் தலையணையை எலி கடித்துச் சவுரி வெளியே தள்ளியது. அதையும் தைக்கவில்லை.

ராஜகுமாரும் குளிர்கிறது என்று சொல்லவேயில்லை. உதடு கறுத்து, தாடை கிட்டிக்கொண்டு கிடப்பார். "குளிருதா?" என்று கேட்டால், "இல்லியே, சுகமாத்தான் இருக்கு" என்பார். அவர் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு போர்வைக்கு மேல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் மழையால் பால்வெட்டு நின்றுபோய், ஓமனா காலையிலேயே வீடு திரும்பினாள். அவள் வந்தது அவருக்குத் தெரியவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். தன் மேலிருந்த போர்வையை எடுத்து நாலாக மடித்து, இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத மெத்தைமேல் வைத்துப் பொதிந்துகொண்டிருந்தார். வலது கால் வெளியே கிடந்து நடுங்கிற்று.

"என்ன செய்யுதிய?"

திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா போர்வையப் போட்டு மூடுதிய?"

"சொன்னா நீ சிரிப்ப."

"சிரிக்கமாட்டேன். சொல்லுங்க."

அவர் மெத்தையைப் பார்த்தபடியே சொன்னார். "அந்தக் காலு குளிருதுட்டி. வெட்டி எடுத்தது. அது இஞ்சதான் கெடக்கு. நாலஞ்சு மாசமாவே இருக்கு. இப்பம் மழை தொடங்கினப்பொறம் தாங்க முடியல்ல. இல்லாத காலுக்கு என்னத்தைப் போட்டு மூடுதது, சொல்லு?"

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீ வருத்தப்படுவேன்னுதான்."

ஓமனா சிரிக்கவில்லை, அழவும் இல்லை.  அவருடைய ஒரு வருஷத்து மௌனத்தில் கோபம் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நனைந்த உடுப்போடு அப்படியே விறகுப்புரைக்குப் போய் ஓலையை விலக்கினாள்.

பை ஈரமாகிக் கனத்திருந்தது. மணலை இரும்புச் சட்டியில் கொட்டி, அடுப்பைப் பற்றவைத்தாள். முதலில் ஆவி வந்தது. பிறகு அந்தப் பழைய வாசனை வந்தது.  வறுத்த மணலை ஒரு துணியில் கொட்டி, இன்னொரு துணியில் சுற்றி, அதற்குமேல் துண்டு சுற்றி முடிந்தாள். உள்ளங்கையால் பார்க்கவில்லை. கன்னத்தில் வைத்தாள், சுட்டது. ஆறவிட்டாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடி இமைமேல் வைத்துப் பார்த்தாள். அதுவும் போதாமல் முற்றத்தில் நின்று கூப்பிட்டாள்.

"ஏட்டி கிளாரா, ஒரு நிமிஷம் வா. கன்னத்தக் காட்டு."

என்ன ஏது என்று கேளாமல் கிளாரா கன்னத்தைக் காட்டினாள். துண்டு முடிச்சைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கியது. "பாகமாத்தான் இருக்கு அக்கா" என்றாள். 

ஓமனா உள்ளே வந்தாள். முதலில் போர்வையை உதறி அவருடைய வலது காலை நன்றாக மூடினாள். பிறகு முடிச்சை இரண்டு கையிலும் ஏந்தி, அவருடைய இடது முழங்காலின் தையல் தழும்புக்குப் பக்கத்தில் மெத்தைமேல் வைத்தாள்.

"இஞ்சயா?"

ராஜகுமார் கண்ணை மூடிக்கொண்டார். "இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ வையி" என்றார். "பாதம் அங்கயாக்கும்."

ஓமனா முடிச்சைத் தூக்கி, கட்டில் முடிகிற இடத்தில், பாதம் இருந்த இடத்தில் வைத்தாள்.